ஏடிஎச்டி என்று எழுதித் தருவதற்கு முன்

"கிளாஸில் உட்காரவே மாட்டேங்கிறான், பக்கத்துப் பையனை அடிக்கிறான்" என்று ஸ்கூலில் சொன்ன மறு வாரமே ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீத துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) என்ற பெயரோடு வீடு திரும்பும் பெற்றோர் நிறைய. பத்து நிமிஷ ஓபியில் அதை உறுதிசெய்ய முடியாது. புது அறையில் பெரும்பாலான பிள்ளைகள் சாதுவாகத்தான் இருக்கும். மனநல டாக்டர்கள் நோயை உறுதிசெய்யப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேட்டின் கணக்குப்படி கவனக்குறைவிலோ துறுதுறுப்பிலோ சொல்லப்பட்ட 9 அறிகுறிகளில் குறைந்தது ஆறு, 6 மாதமாக இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் ஆட்டம் என்றால் முதலில் வாசிப்பைச் சோதியுங்கள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை, தன் முறை வரும்போது பார்த்து பென்சிலை வீசும். வெளியே நிற்கச் சொன்னால் அதற்கு நிம்மதி.

அதற்கும் முன்னால் காது. நடுக்காதில் நீர் கோத்தால் சளி பிடிக்கிறபோதெல்லாம் கேட்பது குறையும், பிறகு சரியாகும். "வேணும்னே திரும்ப மாட்டேங்கிறான்" என்ற பேர் இப்படியும் வருகிறது. டிவி சத்தத்துக்கு ஓடி வருவதெல்லாம் செவிப் பரிசோதனை ஆகாது. சத்தம் கேட்டதும் கை தூக்கத் தெரிந்த வயதென்றால் ஆடியோகிராம், அதற்கும் சிறிசு என்றால் பிள்ளை பதில் சொல்லாமலே காதைச் சோதிக்கும் ஓஏஇ, பெரா. கூடவே நடுக்காதைச் சோதிக்கும் டிம்பனோமெட்ரியும் கேளுங்கள். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் சதை வீக்கம், இருக்கலாம். தூக்கம் கெட்டால் பெரியவர்கள் சோர்வார்கள், பிள்ளைகள் ஆட்டம் போடும். சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி அவசியம்.

டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். "கோபப்பட்டான்" என்று எழுதினால் பயனில்லை. "காலை 7.40. ஷூ போடச் சொன்னதும் தரையில் படுத்துத் தலையை முட்டினான். 12 நிமிஷம். போனைக் கொடுத்தோம், நிறுத்தினான்." அந்தக் கடைசி வரியில் டாக்டருக்கு நிறைய விஷயம் இருக்கிறது. ஒரு நிமிஷ வீடியோ இரண்டு, பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, எந்தப் பீரியடில் என்ன செய்கிறான் என்று டீச்சர் எழுதிய தாள், இவையும் வேண்டும். "ரொம்பச் சேட்டை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்கலாம், தப்பில்லை.

அரசுத் தரப்பில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம், அதாவது டிஇஐசி, பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கம் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட் உண்டு. ஐக்யூ டெஸ்ட்டைப் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் எடுக்கச் சொல்லுங்கள். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையிடம் இங்கிலீஷில் கேட்டு வாங்கிய மார்க்கை நம்ப வேண்டாம். காய்ச்சல், தூக்கக் கலக்கம் என்றால் அன்று வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஏடிஎச்டியும் கற்றல் குறைபாடும் சேர்ந்தே வருவது சகஜம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஎச்டி இல்லை. அதனால் வாசிப்பில் சிக்கல் இருந்தால் அதைத் தனியாகச் சோதித்து எழுதி வாங்குங்கள். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றக் கேட்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.