சப்பாத்துக் கடைச் சித்திரக்கதையும் கறள் பிடித்த கம்பியும்

சுவிஸ், ஜேர்மனியில் இருந்து ஊருக்கு வருகிற பெட்டிகளுக்குள் சில வேளை இரண்டு பழைய சித்திரக்கதைகள் அகப்படும். ஒன்று லூர்கி. கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி போட்ட சலமந்தர். பார்வைக்குப் பல்லி, உறவுக்குத் தவளை. சலமந்தர் என்ற ஜேர்மன் சப்பாத்துக் கொம்பனி 1937 முதல் கடைக்கு வந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த மெல்லிய புத்தகம். மற்றது குளோபி. சூரிச்சின் குளோபுஸ் கடைக்காக 1932 இல் ரொபேர்ட் லிப்ஸ் வரைந்த, கட்டம் போட்ட காற்சட்டை அணிந்த நீலக்கிளி. விளம்பரம்தானே என்று ஒதுக்கக் கூடாது. போருக்குப் பிறகு ஹைன்ஸ் ஷூபல் வரைந்த லூர்கிக் காடுகள் அவ்வளவு அழகு.

குளோபிக்குக் கெட்டி அட்டை, தாக்குப்பிடிக்கும். பழைய பதிப்புகளின் கோட்டுப் படங்களுக்குப் பிள்ளைகள் கலர் பென்சில் தீட்டியிருந்தால் அழிக்க வேண்டாம், அதுவும் அந்தப் புத்தகத்தின் வரலாறுதான்.

லூர்கிக்கு எமன் நடுவில் குத்திய கம்பி. எங்கள் கடற்காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் அது கறள் பிடிக்கும். கறள் தாளுக்குள் ஊறினால், கம்பியைச் சுற்றிய இடம் பழுப்பாகி உதிரும்; பிறகு நடுத்தாள் தானாகக் கழன்றுவிடும். ஆகவே உறை வாங்குவதற்கு முதல் கம்பியைக் கழற்றுங்கள்.

புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரியுங்கள். கம்பியின் மடிந்த இரண்டு கால்களும் அங்கேதான் தெரியும். கால்களுக்குக் கீழே விசிற்றிங் கார்ட் தடிப்பில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி, மொட்டைக் கத்தி நுனியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். நிமிர்ந்த கால்களை உள்ளிருந்து வெளியே தள்ள, முதுகுப் பக்கம் கம்பி எழும்பி வரும். அவசரப்பட்டு முதுகுப் பக்கத்தால் இழுத்தால், கறள் ஒட்டிய தாளும் சேர்ந்து கிழியும். உதிரும் கறள் தூளை மென்மையான தூரிகையால் வெளியே தட்டுங்கள், விரலால் தேய்த்தால் கறை பரவும்.

புதுக் கம்பி குத்த வேண்டாம். பழைய துளைகளுக்குள்ளாலேயே வெள்ளைப் பருத்தி நூலை விட்டு, உட்பக்கம் முடிச்சுப் போடுங்கள். கம்பி ஒன்றுக்கு ஒரு முடிச்சு. இறுக்கினால் நூலே தாளை அறுக்கும்.

கிழிசலுக்கு செலோரேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. லமினேட் செய்வதும் அதே பிழை. உறைக்குப் பொலிபுரோப்பிலீன் பிளாஸ்ரிக் நல்லது. மணக்கிற, பிசுபிசுக்கிற பிவிசி பிளாஸ்ரிக் வேண்டாம்.

வைக்கும் இடத்தில் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டாமல் பாருங்கள், 65க்கு மேலே போனால் பூஞ்சணம். ஐப்பசி முதல் மார்கழி வரை, இறுக்கமாக மூடும் பெட்டிக்குள், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடலாம். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கறையானுக்கும் ஈரத்துக்கும் அதுதான் வழி. வேப்பிலை போடுகிறவர்கள் நன்றாகக் காயவைத்துத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சை இலை கறை விடும்.

இராமபாணப் பூச்சி ஏற்கெனவே அரித்திருந்தால், பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையை அவிழ்த்தால் குளிர்ந்த தாளில் நீர் படியும். ஒரு முழு நாள் அப்படியே விட்டுவிட்டு அவிழுங்கள்.