வலி விட்டதும் ஒரு நிமிடம்: லேபர் வார்டு நாட்குறிப்பு

ஜூன் 4, 2025

நைட் டூட்டி. தலைப்பிரசவம், கர்ப்பப்பை வாய் 6 செ.மீ. திறந்திருக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியில் சார்ஜ் இல்லை. அலமாரியிலிருந்து அலுமினிய ஃபீட்டோஸ்கோப்பை, வயிற்றில் வைத்துக் காதால் கேட்கும் குழாயை, எடுத்தேன். "இதுல கேக்குமாக்கா?" என்றாள் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்.

கேட்கும், இடம் தெரிந்தால். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் தலை கீழே, முதுகு இடப்பக்கம். குழந்தையின் முதுகுப் பக்கம்தான் சத்தம் தெளிவு. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் குழாயை வைத்து, காதை அழுத்தி, கையை எடுத்துவிடச் சொன்னேன். பிடித்துக்கொண்டே இருந்தால் விரல் உரசும் சத்தம்தான் வரும். கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்தபடி இருந்தாள். பிறகு, தலையணைக்கு அடியில் கடிகாரம் ஓடுவதுபோல் இருக்கிறது என்றாள். எண்ணியதில் நிமிடத்துக்கு 138.

ஜூன் 5

வலி விட்டதும் துடிப்பைக் கேள் என்றேன். "வலி இருக்கும்போதே கேட்டா என்ன?" என்றாள் பயிற்சிப் பெண். நல்ல கேள்வி. வலி வந்தால் கர்ப்பப்பை இறுகுகிறது, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதைக் குழந்தை எப்படித் தாங்கியது என்பது வலி விட்ட உடனேதான் தெரியும். துடிப்பு இறங்கி, மெல்ல மெல்லத்தான் ஏறுகிறதென்றால் அது அப்போதுதான் பிடிபடும். இரண்டு வலிக்கு நடுவில் சாவகாசமாக வைத்துக் கேட்டால் எல்லாக் குழந்தையும் 140தான்!

அதனால் ஒரு கை வயிற்றின் மேல் இருக்க வேண்டும். இறுக்கம் தளர்ந்ததும் முழுதாக ஒரு நிமிடம் கேட்க வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது எனக்குப் பிடிக்காது. இறக்கம் அதில் ஒளிந்துகொள்ளும். வலி நன்றாகப் பிடித்தபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஜூன் 9

டாப்ளரில் 118. பயிற்சிப் பெண் எழுதப் போனாள். "அம்மாவோட நாடியைப் பிடிச்சியா?" பிடித்தால் அதுவும் 118. பயத்திலும் வலியிலும் தாயின் நாடி அவ்வளவு ஓடும். டாப்ளருக்கு யார் ரத்தம் என்ற பேதம் கிடையாது. இரண்டு விரற்கடை கீழே நகர்த்தியதும் 150, நாடியோடு ஒட்டாத துடிப்பு. இனி மணிக்கட்டைப் பிடிக்காமல் எழுத மாட்டாள்.

ஜூன் 12

கூட இருந்த அத்தைக்குக் கோபம். "பிரைவேட்ல பெல்ட் கட்டி மிஷின் ஓட்டிக்கிட்டே இருப்பாங்க. இங்க வந்து வந்து போறீங்களே சிஸ்டர்."

சிக்கல் இல்லாத பிரசவத்தில் இப்படி இடைவிட்டுக் கேட்பதையே உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அத்தை சொன்ன மிஷினின், அதாவது துடிப்பையும் வலியையும் பதிவுசெய்யும் சி.டி.ஜி.யின், பெல்ட்டைத் தொடர்ந்து கட்டிப் பார்த்த ஆய்வுகளில், பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது, உண்மை. ஆனால் குழந்தை இறப்பும் மூளைவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை; சிசேரியன் கூடியது. இதையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. "பெல்ட் கட்டினா உங்க மருமக நடக்க முடியாதும்மா" என்றேன். அந்தப் பெண் வராந்தாவில் நடந்துகொண்டுதான் இருந்தாள். நின்றபடியே வைத்துக் கேட்டேன், 144.

ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன், வலி வர டிரிப் ஏற்றியவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு மிஷின் வேண்டும்.

ஜூன் 17

இரண்டாவது பிரசவம், 7 செ.மீ. வலி விட்டதும் 96. ஒரு நிமிடம் ஆகப்போகும்போதுதான் 130ஐத் தொட்டது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அடுத்த வலிக்கும் அதே கதை. உள்ளே பரிசோதித்தேன், தொப்புள்கொடி இறங்கவில்லை, ஆனால் பனிக்குட நீர் பச்சையாக வந்தது, குழந்தை உள்ளேயே மலம் கழித்ததன் அடையாளம். மூன்றாவது வலிக்குப் பிறகும் இறக்கம். டாக்டர் வந்து பார்த்து 108க்குச் சொன்னார். சிசேரியன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியான சீமாங் சென்டருக்கு போன் போட்டுவிட்டு நானும் ஏறினேன். வண்டி ஓடும் சத்தத்தில் ஃபீட்டோஸ்கோப் உதவாது. டாப்ளரை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். சிசேரியன், பெண் குழந்தை, உடனே அழுததாம்.

ரெஃபரல் சீட்டில் ஒவ்வொரு எண்ணையும் நேரத்தோடு, 'வலி விட்ட பின்' என்று எழுதியிருந்தேன். அங்கே இருந்த மேடம் முதலில் கேட்டதே அதைத்தான். பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் தாளான பழைய பார்ட்டோகிராஃபில் அரை மணிக்கு ஒரு புள்ளி வைக்க மட்டுமே இடம். 2020இல் வந்த புதிய லேபர் கேர் கைடில் துடிப்பு இறங்குவதற்கென்றே தனி வரிசை இருக்கிறது. எங்களுக்கு அந்தத் தாளைக் கேட்டு எழுதிப் போட வேண்டும்.