பாங்க் தேர்வும் பெட்டியடியும்

பாங்க் தேர்வுக்குப் படித்த நான் கோட்டை விட்டது 'பாங்க்' என்ற சொல்லிலேயேதான். மாதிரித் தேர்வு ஒன்றில், திரும்பும்போது விமானம் 'பாங்க்' ஆனது என்று ஒரு வாக்கியம். விமானத்துக்கு ஏது பாங்க் என்று நினைத்து, வாக்கியம் தப்பு என்று குறித்தேன். வாக்கியம் சரிதானாம், கால் மதிப்பெண் போனது.

அதுவரை நோட்டில் ஒரு பக்கம் சொல், எதிரே பொருள், தினம் நாற்பது என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே பாதி காணாமல் போகும்.

காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து புலம்பினேன். "முதல்ல அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பாரு" என்றார் ஐயா, என் தாத்தா. அகராதியைப் புரட்டினால், இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் போட்டிருந்த பெஞ்சுக்குப் பெயர் 'பாங்கா'. அதிலிருந்து வந்ததுதான் பாங்க்.

ஐயா சிரித்துவிட்டார். "அவுகளுக்குப் பெஞ்சு, நமக்குப் பெட்டி. எங்க அப்பச்சி பினாங்குக் கிட்டங்கியில பெட்டியடிப் பையனாத்தான் சேர்ந்தாக." அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா; கிட்டங்கி என்றால் வட்டிக்கடைகள் இருந்த கட்டடம். கணக்குப் பெட்டி ஒன்று, அதன் முன்னால் ஒரு பாய், கடை என்பதே அவ்வளவுதான். அதனால் அந்த இடத்துக்குப் பெயரே பெட்டியடி. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் திறந்த கதையையும் அன்றைக்கே சொன்னார். பொது அறிவுக்கு அது தனி லாபம்.

அப்புறம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சு, பாங்க் இரண்டுக்கும் வேர் ஒரே பழைய ஜெர்மானியச் சொல். பெஞ்சு போல மேடாக எழும்பிய மண்ணும் பாங்க், அதாவது ஆற்றங்கரை. கரை சரிவாக இருக்கும் அல்லவா, விமானம் ஒரு பக்கம் சாய்வதும் அந்த வழியில் வந்ததுதான். பணத்தைச் சேர்த்து வைப்பதிலிருந்து ரத்த பாங்க். திவாலுக்கான 'பாங்க்ரப்ட்'டில் இருப்பது உடைந்த பெஞ்சு.

எல்லாச் சொல்லுக்கும் இப்படித் தோண்ட வேண்டாம், நேரம் போதாது. திரும்பத் திரும்பத் தப்பு விடும் சொல்லுக்கு மட்டும் அகராதியில் வேர் பற்றிய வரியையும் படியுங்கள், பக்கத்தில் ஒரு படம் போடுங்கள். ஒருவரை நம்பியிருப்பதற்கு 'பாங்க் ஆன்' என்பது போன்றவற்றை மட்டும் வாக்கியத்தோடு மனப்பாடம் செய்துவிடுங்கள். வேரை யோசிப்பதெல்லாம் வீட்டில்தான்; தேர்வில் முப்பது கேள்விக்கு இருபது நிமிடம் என்றால் அங்கே யோசிக்க இடமில்லை.

என் நோட்டில் இப்போது ஒரு கால் ஒடிந்த பெஞ்சு இருக்கிறது. ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பெட்டியைக் காணோமேடா?"