இடது கண்ணில் ஒரு கீற்று

காலையில் நாலாவது நாய்க்குட்டி கண் திறந்தது. பிறந்து இன்றோடு 12 நாள்.

முழுதாக இல்லை. இடது கண்ணில் ஒரு கீற்று மட்டும். உள்ளே நீலம் பூத்த மங்கல். அடுப்படி ஓரத்து மரப்பெட்டியில், பழைய போர்வை மேல், தாயின் வயிற்றில் மூக்கைப் புதைத்துக் கிடந்தது.

நாய் வளர்ப்புக் கூடங்களுக்கு அரசு கொண்டுவரப் பார்க்கும் விதிகள் அப்படியே நிறைவேறினால், இந்தப் பெட்டி சட்டவிரோதம். குட்டி போடும் நாய்க்குத் தனிக் கட்டடம், கழுவிவிடும் தரை வேண்டுமாம்.

ஒரே ஒரு பெட்டை வைத்திருக்கும் வீட்டுக்கும் நூறு கூண்டு வைத்திருப்பவருக்கும் ஒரே விதி!

சுத்தம் வேண்டாம் என்று யார் சொன்னது? நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். நூறு நாய் அடைத்த இடத்துக்கு அந்தத் தரை கட்டாயம் வேண்டும்.

ஆனால் முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. மூன்றாவது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை காதில் விழுகிற சத்தமும் தொடுகிற கையும்தான் அது மனிதரோடு எப்படிப் பழகும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கும். மிக்சி இரைச்சல், கதவு சாத்தும் சத்தம், குழந்தை அழுகை. தனிக் கட்டடத்தில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

வதைப்பவர்களைப் பிடிக்க வேண்டுமா? சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதனை போடுங்கள். அதற்கு ஆள் நியமியுங்கள்.

ஆட்சேபனைக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அந்தக் குட்டி. வலது கண்ணும் லேசாகப் பிரிகிறது.