கந்தகார் யார்டில் இரண்டு வருடம்

2012 தொடக்கத்திலிருந்து இரண்டு வருடம் ஆப்கானிஸ்தானில், கந்தகார் விமானத் தளத்தில் இருந்தேன். அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் கொடுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஸ்டோர் வேலை. நான் போய் இறங்கும்போதே படை குறையத் தொடங்கியிருந்தது. 33,000 பேர் 2012 கோடை முடிவதற்குள் திரும்புவார்கள் என்று ஒபாமா முந்தைய ஆண்டே அறிவித்திருந்தார்.

படை திரும்புவது என்றால் வீரர்கள் விமானம் ஏறுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்களை அனுப்பிவிடலாம், பொருள்தான் மலையாக நிற்கும். சின்ன முகாம்களை மூடி, இருந்ததையெல்லாம் கண்டெய்னரில் அள்ளிப்போட்டு எங்கள் யார்டுக்கு அனுப்புவார்கள். கதவைத் திறந்தால் ஜெனரேட்டர் உதிரிபாகம், கேபிள், கட்டில், பெட்டி பிரிக்காத போல்ட்டு என்று கலந்து கிடக்கும். ஒவ்வொன்றாக நம்பர் பார்த்து, அமெரிக்காவுக்கா, வேறு முகாமுக்கா, ஸ்கிராப்புக்கா என்று பிரித்துச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒருமுறை ஒரு வெள்ளைப் பலகை வந்தது. இரவுக் காவல் யார் யார் என்று எழுதியிருந்தது அழியாமல் அப்படியே இருந்தது. அதை ஸ்கிராப்பில் போடக் கை வரவில்லை. துடைத்துவிட்டுத்தான் போட்டேன்.

பாதை வேறு அடைபட்டிருந்தது. 2011 நவம்பரில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்ததும் பாகிஸ்தான் எல்லையை மூடியது; 2012 ஜூலையில்தான் திறந்தது. சமன் என்ற எல்லை ஊர் வழியாகக் கராச்சித் துறைமுகம் போக வேண்டியவை அதுவரை வெயிலில் நின்றன. திறந்த பிறகும், கொண்டுபோகும் செலவுக்குத் தேறாததை வெட்டினார்கள். கண்ணிவெடியைத் தாங்கும் கனரக வண்டிகள்கூடத் துண்டாகி, ஸ்கிராப்பாக உள்ளூர் வியாபாரிகளிடம் போயின.

என்னோடு வேலை பார்த்த ஆப்கானியர் ஒருவர் பாகிஸ்தானின் குவெட்டாவில் அகதியாக வளர்ந்தவர். அவருடைய உருதுவும் என் அரைகுறை இந்தியும் எங்களுக்குப் போதும். அவர் என்னை 'பாய்' என்பார், நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். எங்கே வேலைக்குப் போகிறார் என்பது அவர் தெருவில் யாருக்கும் தெரியாது. 2013-இல் ஒருநாள், "பாய், நான் இங்கே வேலை பார்த்தேன் என்று ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள்" என்றார். படைக்கு உழைத்த ஆப்கானியருக்கான அமெரிக்கச் சிறப்பு விசாவுக்கு அந்தக் கடிதம் கட்டாயம். அலுவலகத்தில் மூன்று முறை கேட்டேன். "வேலை முடியும்போது எல்லோருக்கும் சேர்த்துத் தருவோம்" என்றார்கள். நான்காவது முறை கேட்பதற்குள் என் ஒப்பந்தம் முடிந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் சீட்டு ஒட்டியவன் நான். அது இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் செய்திகளில் எண்கள் மட்டும்தான். 2015 தொடக்கத்தில் 9,800 பேர் இருப்பார்கள் என்றார்கள். அமெரிக்காவும் தாலிபானும் 2020-இல் செய்த தோஹா ஒப்பந்தத்துக்குப் பின் 8,600. 2021 ஜனவரியில் 2,500. அந்த ஜூலையில் காபூலுக்கு வடக்கே இருந்த பக்ராம் விமானத் தளத்தை இரவோடு இரவாகக் காலி செய்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபானிடம் விழுந்தது.

அந்த வாரம் அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். எந்த மாதம் சேர்ந்தார், என்ன வேலை செய்தார், எல்லாம் நினைவிருந்தது. முத்திரை போடத்தான் ஆள் இல்லை. நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. கடிதத்தை அவருக்கு அனுப்பவும் பயம், சோதனைச் சாவடியில் ஃபோனை வாங்கிப் பார்த்தால் அதுவே எமனாகிவிடும். விடைபெற்ற நாளில் அவர் அட்டைத் துண்டில் எழுதித் தந்த எண்ணுக்கு, "பாய், நலமா?" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இன்னும் ஒற்றை டிக்கில்தான் நிற்கிறது.