236 புள்ளி அணியை எக்செல்லில் சரிசெய்து பார்த்தேன்

2023 சீசனில், அமெரிக்க ஃபுட்பாலின் என்எஃப்எல் லீகில் ஆடும் கரோலினா பேந்தர்ஸ் 17 ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 236. சராசரி 14-ஐக்கூடத் தொடவில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களிலும் முட்டை: ஜாக்சன்வில்லிடம் 26-0, டாம்பா பேயிடம் 9-0. இரண்டு வெற்றி, 15 தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் ஃப்ராங்க் ரைக்கை 11 ஆட்டங்களோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பொதுவாக இப்படித் தோற்கும் அணிக்கு ஒரு ஆறுதல் பரிசு உண்டு. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு என்எஃப்எல் டிராஃப்ட் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அங்கே விலை கேட்பதே இல்லை. கடைசி இடத்தில் வந்த அணி கல்லூரி வீரர்களில் முதல் ஆளை எடுக்கும், வரிசையாக மற்றவர்கள் எடுப்பார்கள். கரோலினாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை 2023-ல் முதல் ஆளாக எடுப்பதற்காகச் சிகாகோ பேர்ஸிடம் டிராஃப்டில் 9-வது, 61-வது ஆளை எடுக்கும் உரிமைகள், 2024-ன் முதல் சுற்றுத் தேர்வு, 2025-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே அணியின் சிறந்த ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூர் என்று அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அந்த 2024 முதல் சுற்றுதான் கடைசியில் நம்பர் 1 ஆனது. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. மூர் அங்கே போன முதல் வருடமே 1,364 யார்டுகள் எடுத்தார். இங்கே யங், பந்தை வீசுவதற்குள் 62 முறை மடக்கப்பட்டு விழுந்தார்.

இந்த நிலையிலிருந்து 2024-ல் ஆஃபென்ஸை (புள்ளி எடுக்க ஆடும் பிரிவை) எப்படிக் கட்டலாம் என்பதுதான் நான் கொஞ்ச நாளாகச் செய்து பார்க்கும் வேலை. ஒரு எக்செல் கோப்பு, அதன்பின் மேடன் என்எஃப்எல் 25 வீடியோ கேமில் ரோஸ்டரை (வீரர் பட்டியலை) மாற்றி ஒரு சீசனை ஓடவிடுவது. ஆட்டத்தை நான் ஆடுவதில்லை, ஓடவிட்டுக் கணக்கு மட்டும் பார்ப்பேன்.

விதிகள் இல்லாமல் இதைச் செய்தால் ஒரு சுவாரசியமும் கிடையாது. யார் நன்றாக ஆடினார்கள் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். 125-வது ஆளாக டாம்பா எடுத்த ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பக்கி இர்விங் 1,122 யார்டு ஓடினார் என்று தெரிந்துகொண்டே அவரை எடுத்தால் அது விளையாட்டா, விடைத்தாளைப் பார்த்து எழுதுவதா? அதனால் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் போட்டுக்கொண்டேன். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் யாராவது வேண்டுமென்றால், உண்மையில் அவருக்கு வேறு அணி கொடுத்த ஒப்பந்தத்துக்கு மேல் 10 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தோற்கிற அணிக்கு யார் சும்மா வருவார்கள்? மொத்தச் செலவு 153 மில்லியன் டாலரைத் தாண்டக் கூடாது. காரணம், கரோலினா உண்மையில் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்ற இரண்டு கார்டுகளுக்கு (முன்வரிசையில் நடு ஆளுக்கு இரு பக்கமும் நின்று குவாட்டர்பேக்கைக் காப்பவர்கள்) மட்டும் கொடுத்த தொகை அது. ஹன்ட்டுக்கு 5 வருடம் 100 மில்லியன், லூயிஸுக்கு 4 வருடம் 53 மில்லியன். டிராஃப்டில் மற்ற அணிகள் அன்று எடுத்ததையே எடுக்கும். நான் ஒருவரைத் தட்டிப் பறித்தால் அந்த அணி தனக்குத் தேவையான இடத்தில் அடுத்த ஆளுக்குப் போகும்.

முதல் வடிவத்தில் ஹன்ட்டை விட்டுவிட்டேன். கார்டுக்கு நூறு மில்லியனா என்ற எண்ணம்தான். லூயிஸை அப்படியே வைத்துக்கொண்டு, டல்லஸிலிருந்து வாஷிங்டன் போன சென்டர் (அந்த முன்வரிசையின் நடு ஆள்) டைலர் பியாடஷை எடுத்தேன். அவருக்கு உண்மையில் 3 வருடம் 30 மில்லியன், என் விதிப்படி 33. அட்லான்டா 39 மில்லியனுக்கு எடுத்த ரிசீவர் டார்னெல் மூனிக்கு 43 கொடுத்தேன். மொத்தம் 129. கையில் இன்னும் 24 மிச்சம்.

மொத்தத் தொகை ஒன்று, அந்த வருடத்துக் கணக்கில் ஏறுவது இன்னொன்று. இந்த எக்செல் வரிசைகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சேலரி கேப், அதாவது சம்பள உச்சவரம்பு, 2024-ல் அணிக்கு 255.4 மில்லியன். ஆனால் கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் போனஸ் தொகையை ஒப்பந்த வருடங்களில் சமமாகப் பிரித்துக் காட்டலாம், அதிகபட்சம் ஐந்து வருடம் வரை. பியாடஷின் 33-ல் பாதியை போனஸாக வைத்தேன்: 16.5. மூன்றாகப் பிரித்தால் வருடத்துக்கு 5.5. மீதிச் சம்பளத்தை 1.5, 6, 9 என்று ஏற்றினேன். ஆக முதல் வருடம் கணக்கில் வெறும் 7, இரண்டாம் வருடம் 11.5, மூன்றாம் வருடம் 14.5. முதல் வருடம் இனிக்கும். ஆனால் ஒரே வருடத்தில் ஆளை வெளியே அனுப்பினால், பிரித்து வைத்த மீதி 11 மில்லியன் ஆள் இல்லாமலேயே என் தலையில் விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஒரு அணி ஏன் சுமாரான ஆளை இரண்டாவது வருடமும் வைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்வையாளர்கள் திட்டுவார்கள். இந்த வரிசையை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்த்தவர் திட்டமாட்டார்.

மிச்சம் 24 இருந்ததும் கண் டெரிக் ஹென்றி பக்கம் போனது. பால்டிமோர் அவருக்குக் கொடுத்தது 2 வருடம் 16 மில்லியன்தான், எனக்கு 17.6. பட்ஜெட்டுக்குள் அழகாக உட்காருகிறது. அந்த வருடம் 1,921 யார்டு ஓடியவர். என் சித்தி மகன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு இந்த ஆட்டம் தெரியாது, கிரிக்கெட் மட்டும்தான்.

"அண்ணே, அந்தாளுக்கு என்ன வயசு?"

"முப்பது."

"முப்பது வயசுல, ரெண்டே மேட்ச் ஜெயிச்ச டீமுக்கு எதுக்கு வரணும்?"

சரிதான். பால்டிமோர் முந்தின வருடம் 13 ஆட்டம் ஜெயித்த அணி. ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ரன்னிங் பேக்குக்குப் பட்டம் முக்கியம், ஒன்றரை மில்லியன் கூடுதல் அல்ல. விதியில் ஒரு வரி சேர்த்தேன்: 29 வயதைத் தாண்டிய நட்சத்திரங்கள் எனக்குக் கிடையாது. ஹென்றி போனார்.

மேடனில் ஓடவிட்டபோது முதல் வடிவம் பார்க்க நன்றாகவே இருந்தது. மூனி நிறையப் பிடித்தார். ஆனால் யங் விழுவது பெரிதாகக் குறையவில்லை. எங்கே உடைகிறது என்று பார்த்தால், நான் காசு மிச்சம் பிடித்த வலது கார்டு இடம்தான். யங்கின் உயரம் 5 அடி 10 அங்குலம். ஓரத்திலிருந்து வருகிற எதிரியைத் தவிர்க்க அவர் ஓரடி முன்னால் நகரலாம். நடுவில் சுவர் உடைந்தால் நகர இடமும் இல்லை, மேலே எட்டிப் பார்க்க உயரமும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இதே கணக்கைத்தான் ட்ரூ ப்ரீஸுக்குப் போட்டது. உயரம் குறைந்த அவருக்கு முன்னால் ஜாரி எவன்ஸ், கார்ல் நிக்ஸ் என்ற இரண்டு பெரிய கார்டுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேடன் சிமுலேஷனை வேதவாக்காக எடுக்கக் கூடாது, ஆனால் இந்த விஷயத்தில் அது சொன்னது நியாயமாகவே பட்டது.

ஆகவே இரண்டாம் வடிவம்: ஹன்ட், லூயிஸ் இருவருமே வேண்டும், 153-ம் காலி. ரிசீவர், சென்டர், ரன்னிங் பேக் எல்லாம் டிராஃப்டிலிருந்து. இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. நான்கைந்து வருடம் ஆடிய கார்டு எப்படிப்பட்டவர் என்பது கிட்டத்தட்டத் தெரிந்த விஷயம். காசு கொடுத்தால் வாங்கிய பொருள் கைக்கு வரும். நல்ல ரிசீவருக்கோ சந்தையில் விலை வேறு: டென்னஸி கால்வின் ரிட்லிக்கு 4 வருடம் 92 மில்லியன் கொடுத்தது. டிராஃப்டில் வரும் பையனின் சம்பளம் அவன் எந்த எண்ணில் எடுக்கப்பட்டான் என்பதோடு ஏறக்குறைய முடிவாகிவிடும். முதல் ஆளான யங்குக்கே நான்கு வருடத்துக்குச் சுமார் 38 மில்லியன்தான். விலை உயர்ந்த இடத்தை டிராஃப்டில் நிரப்பு, நம்பகமான இடத்தைக் காசுக்கு வாங்கு. சொல்லச் சுலபம்.

டிராஃப்டில் என் கையில் 33-வது, 39-வது தேர்வுகள். இதில் 39, பிரையன் பர்ன்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்ததில் வந்தது. டிஃபென்ஸின் (எதிரணியைத் தடுக்கும் பிரிவின்) சிறந்த ஆளை விற்று ஆஃபென்ஸுக்கு விதை வாங்கிய கதை அது. கரோலினா 33-லிருந்து ஒரே ஒரு இடம் ஏறி 32-ல் சேவியர் லெகெட்டை எடுத்தது. ஒரு இடத்துக்காகவா இவ்வளவு என்று அப்போது கேலி பேசினார்கள். 32 முதல் சுற்றின் கடைசி, 33 இரண்டாம் சுற்றின் முதல். முதல் சுற்று வீரருக்கு மட்டும் ஐந்தாவது வருடத்தை அணியே நீட்டிக்கொள்ளும் உரிமை உண்டு. கேலி செய்யும் அளவுக்கு மோசமான யோசனை இல்லை. நான் மட்டும் ஏறாமல் 33-லேயே நின்றேன். பஃபலோ 32-ல் கியான் கோல்மனை எடுத்துக்கொண்டது. லெகெட்டும் லாட் மக்கான்கியும் என் முன்னால்.

இங்கேதான் விடைத்தாள் பிரச்சினை தலைதூக்கியது. மக்கான்கி லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸில் முதல் வருடமே 82 கேட்ச், 1,149 யார்டு. லெகெட் 49 கேட்ச், 497 யார்டு. பிலடெல்ஃபியாவில் டிசம்பரில் ஆட்டத்தையே திருப்பியிருக்கக்கூடிய பந்தை அவர் கைவிட்டது கரோலினா ரசிகர்கள் மறக்காத ஒன்று. 22-16 என்று தோற்றார்கள். இவ்வளவும் தெரிந்த என்னால் நேர்மையாகத் தேர்வு செய்ய முடியாது. எனவே பெயரை அழித்துவிட்டு இரண்டு சீட்டு எழுதிச் சித்தி மகனிடம் நீட்டினேன்.

முதல் சீட்டு: 6 அடி 1 அங்குலம், 221 பவுண்டு, 40 யார்டை 4.39 நொடியில் ஓடியவன், கல்லூரியில் கடைசி வருடம் 71 கேட்ச், 1,255 யார்டு. இரண்டாவது: கிட்டத்தட்ட 6 அடி, 186 பவுண்டு, அதே 4.39 நொடி, கடைசி வருடம் காயத்தால் பல ஆட்டம் போய் 30 கேட்ச், 478 யார்டு.

யோசிக்கவே இல்லை. "இதுல என்னண்ணே கேள்வி? முதல் ஆளுதான்."

அதாவது லெகெட். காகிதத்தை மட்டும் பார்த்தால் கரோலினா எடுத்த முடிவையேதான் அவனும் எடுத்தான். மக்கான்கியின் பலம் சீட்டில் எழுத முடியாத இடத்தில் இருந்தது: எங்கே வேகத்தைக் குறைப்பது, எந்தக் காலை ஊன்றித் திரும்புவது, காவலாளியை எப்படி ஏமாற்றி இரண்டடி இடைவெளி உண்டாக்குவது. உயரம் குறைந்த, சரியான நேரத்தில் வீசுகிற குவாட்டர்பேக்குக்கு அந்த இரண்டடிதான் தேவை என்பது என் கருத்து. லெகெட்டின் 1,255-ம் அந்த ஒரே வருடத்தில் வந்தது, அதற்கு முன் அவர் பெரிதாக எடுத்ததில்லை. அதையும் சீட்டில் எழுதியிருந்தால் பையன் கொஞ்சம் தயங்கியிருப்பானோ என்னவோ. ஆனாலும் விதி விதிதான், என் அணியில் லெகெட்.

39-ல் வம்பே இல்லை. ஓரிகானின் ஜாக்சன் பவர்ஸ்-ஜான்சன், 2023-ல் கல்லூரிச் சென்டர்களுக்கான ரிமிங்டன் விருது வாங்கியவர், உண்மையில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்கு 44-ல் போனார். இரண்டு புதிய கார்டுகளுக்கு நடுவில் அவரை உட்கார வைத்தேன். கரோலினா உண்மையில் 39-ஐ ராம்ஸிடம் கொடுத்து 52-க்கு இறங்கி, 2025-ன் ஒரு இரண்டாம் சுற்றையும் வாங்கி, பின் மறுபடி 46-க்கு ஏறி ஜொனாதன் ப்ரூக்ஸை எடுத்தது. சென்டர் இடத்துக்குக் கார்டாக ஆடிய ஆஸ்டின் கார்பெட்டையே மாற்றினார்கள், அவர் அக்டோபரில் காயம்பட்டு வெளியேறினார்.

ப்ரூக்ஸ் சீட்டையும் பையனிடம் காட்டினேன். டெக்சஸில் 1,139 யார்டு, ஆனால் நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தவர். "முட்டி போன பையன எதுக்குண்ணே இவ்ளோ சீக்கிரம் எடுக்கணும்?" என்றான். டிசம்பரில் அதே முழங்கால் மறுபடி போனது என்று அவனுக்குச் சொல்லவில்லை. ரன்னிங் பேக்கை விட்டே விட்டேன். ஏற்கெனவே இருந்த சூபா ஹப்பர்டே அந்த வருடம் 1,195 யார்டு ஓடினார், கரோலினாவும் நவம்பரில் அவருக்கு 4 வருடம் 33.2 மில்லியன் எழுதிக்கொடுத்தது. முன்னால் சுவர் நின்றால் ஓடுகிறவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாம் வடிவத்தை ஓடவிட்டதில் யங் விழுவது நன்றாகவே குறைந்தது. ரிசீவர்கள் சுமார். உண்மை நிலவரமும் இதற்கு வெகுதூரமில்லை. 2024-ல் யங்கை இரண்டே ஆட்டத்தில் உட்கார வைத்தார் புதிய பயிற்சியாளர் டேவ் கனாலிஸ். அவருக்குப் பதில் ஆடிய ஆண்டி டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட்ட பிறகு யங் திரும்பி வந்தார், கடைசி ஆட்டத்தில் அட்லான்டாவை 44-38 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தார்கள். 62 முறை விழுந்தவர் அந்த வருடம் 29 முறைதான். அணியின் புள்ளிகள் 236-லிருந்து 341. கார்டுக்கு நூறு மில்லியனா என்று நான் முகம் சுளித்த பணம்தான் இந்த மொத்தக் கோப்பிலும் பிழையில்லாமல் வேலை செய்தது.

அந்தப் பக்கம் டிஃபென்ஸ் விட்ட புள்ளிகள் 534, என்எஃப்எல் வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிகம். பர்ன்ஸ் போய்விட்டார், டெரிக் பிரவுன் முதல் ஆட்டத்திலேயே காயம். ஆஃபென்ஸை மட்டும் சரிசெய்கிறேன் என்று ஆரம்பித்ததால் இந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. பர்ன்ஸை விற்காமல் வைத்திருந்தால் 39 இல்லை, பவர்ஸ்-ஜான்சனும் இல்லை. அது ஒரு தனி வடிவம், பிறகு பார்க்கலாம்.

இப்போது 2025 கோப்பைத் தொடங்கியிருக்கிறேன். உண்மையில் கரோலினா 5-12 முடித்து 8-வது தேர்வில் ரிசீவர் டெட்டைரோவா மக்மில்லனை எடுத்தது, சீட்டுகளும் எழுதி வைத்தாயிற்று. சிக்கல் என்னவென்றால் மேடனில் என் அணி அதைவிடக் கூடுதலாக ஜெயித்துவிட்டது, அப்படியானால் 8 என் கையில் இருக்காது. நிஜ வரிசையை வைத்துக்கொள்வதா, மேடன் வரிசையை வைத்துக்கொள்வதா என்பதை இந்த வாரம் முடிவு செய்தாக வேண்டும். சித்தி மகன் மேடன் வரிசைதான் நியாயம் என்கிறான். எனக்கு மக்மில்லன் வேண்டும்.