கதவின் அடியில் ஒரு கொப்புளம்

என் காரின் பின்கதவில், கீழ் ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில் மிளகளவில் ஒரு கொப்புளம். நகத்தால் அழுத்தினால் உள்ளே ஏதோ நொறுங்கியது. சின்ன விஷயம்தானே என்று ஒரு சாயங்காலம் தேய்த்து, மறுநாள் பட்டி பூசி, அதன்மேல் பெயிண்டும் அடித்துவிட்டேன். புதுசுபோல் இருந்தது. ஐந்தாவது மாதம் அதே இடத்தில் மூன்று கொப்புளங்கள்.

அப்போதுதான் கதவைத் திறந்துவைத்து, தரையில் உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியை ஒட்டி மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வடிந்து வெளியேறவே அடி விளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். என் காரில் அவை மண்ணும் சருகும் இறுகி அடைத்துக் கிடந்தன. கம்பியை விட்டுக் குத்தியதும், தேநீர் நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மடமடவென்று முழங்காலில் கொட்டியது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது! நான் வெளியே பூசி அழகு பார்த்துக்கொண்டிருக்க, துரு உள்ளிருந்து தின்றுகொண்டிருந்திருக்கிறது.

பழைய பட்டியை முழுவதும் உரித்தேன். திருப்புளி முனையால் தகட்டை அங்கங்கே அழுத்திப் பார்த்தேன். முனை உள்ளே இறங்கியிருந்தால் அழுகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அது என் கைக்கு மீறிய வேலை. நல்லவேளை, குழிகளோடு நின்றிருந்தது.

80ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, துரு பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது தெரிந்தது. மிளகளவு என்று நினைத்தது உள்ளங்கை அகலம். இரும்பு துருவானால் பருக்கும். அதுதான் பெயிண்டை மேலே தள்ளுகிறது. சுற்றிலும் பளபளக்கும் தகடு தெரியும்வரை விடவில்லை. குழிக்குள் ஒளிந்திருந்த கறும்புள்ளிகள் மட்டும் உப்புத்தாளுக்கு அகப்படவில்லை. அவற்றுக்காகப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தடவினேன். பிறகு டப்பாவில் சொன்னபடி எச்சத்தைக் கழுவித் துடைத்து, நன்றாக உலரவிட்டேன்.

முதல் தடவை செய்த இன்னொரு பிழையும் அப்போது உறைத்தது. தேய்த்த தகட்டை ஓர் இரவு முழுக்கத் திறந்தே போட்டிருந்தேன். வெறும் இரும்புக்குப் பனி ஈரமே போதும். போதாக்குறைக்கு, ஈரத்தை உறிஞ்சும் பட்டியை நேரே அதன்மேல் அப்பியிருந்தேன். இந்த முறை தகடு உலர்ந்த அன்றே ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர், அதன்மேல்தான் பட்டி, மறுபடி பிரைமர், பிறகு மெல்லிய பூச்சுகளாகப் பெயிண்ட், கடைசியாக கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சு. வண்ண எண்ணைக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து எடுத்தேன். அப்படியும் வெயிலில் வெளுத்த பழைய பெயிண்டோடு அச்சாகப் பொருந்தவில்லை. எனக்கு மட்டும் தெரிகிற வித்தியாசம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கதவுக்குள் நீண்ட குழாய் முனையால் மெழுகுத் திரவம் தெளித்தேன். தகடுகள் சேரும் மடிப்புகளில் அது ஊறிப் படியும். நம் கை போகாத இடம் அதுதான். தெளித்த பிறகு துளைகளை மறுபடி குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகே அடைத்துவிடும். வண்டியின் அடிப்பாகம் முழுக்கத் தார் பூசிவிடு என்றார் ஒரு நண்பர். இருக்கிற துருவின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

மற்ற மூன்று கதவுகளின் துளைகளையும் அன்றே குத்திப் பார்த்தேன். இரண்டில் தண்ணீர் கொட்டியது.